மருத்துவ நேர்முகத்தில் "வேறு எதில் ஆர்வம்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாமா?

மழைக்குருவி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் ஏ/எல் எடுத்து, இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. எம்.எம்.ஐ. முறை (ஒவ்வொன்றும் சில நிமிடமே நீடிக்கிற பல சிறு நேர்முகங்கள்), இணையவழி.

எனக்குக் கட்டடக்கலையிலும் உண்மையான ஆர்வம் இருக்கிறது. சும்மா படம் கீறுகிற அளவில் இல்லை. யூகாஸில் (இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற பொது அமைப்பு) ஐந்து தெரிவுகளில் நான்கைத்தான் மருத்துவத்துக்குக் கொடுக்கலாம் என்பதால் ஐந்தாவதைக் கட்டடக்கலைக்கே கொடுத்தேன். இப்போது நேர்முகப் பயிற்சி தருகிற ஆசிரியர், "அதைப் பற்றி வாயே திறக்காதே. சின்ன வயதிலிருந்து டொக்டர் ஆவதைத் தவிர வேறு எதையும் நினைத்ததில்லை என்று சொல்" என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறார். ஆனால் அது பொய். சொல்லிப் பார்த்தேன், என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"மருத்துவம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஐந்தாவது தெரிவு அவர்களுக்குத் தெரியுமா? இந்தப் பாதையால் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தெமட்டகொட_வாப்பா

மகள், உங்கள் ஆசிரியர் சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இருப்பது கொஞ்ச இடம். அரசாங்கமே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. பல இடங்களில் கட்டணம் வருடத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேல். இப்படியொரு இடத்துக்கு ஆள் எடுக்கிறவன், "இந்தப் பிள்ளை இரண்டு வருடத்தில் விட்டுவிட்டுப் போய்விடும்" என்று நினைக்க ஏன் வழி வைக்க வேண்டும்? என் மகனும் அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறான். நான் அவனுக்குச் சொல்வதும் இதைத்தான். கேட்டதற்கு மட்டும் பதில், மற்றதெல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

ஐந்தாம்_வருடம்

ஐந்தாவது தெரிவு பற்றி: ஒரு பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் வேறு எங்கே விண்ணப்பித்தீர்கள் என்று அந்தக் கட்டத்தில் தெரியாது. எல்லா முடிவும் வந்து, நீங்கள் பதில் கொடுத்த பிறகுதான் தெரியும். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

என் அனுபவம். நான் பள்ளிக்கூடக் காலத்தில் கிரிக்கெட் நடுவராக நிற்கத் தொடங்கினேன், பிறகு கழகப் போட்டிகளிலும். நேர்முகத்தில் "மருத்துவம் என்ற துறையே இல்லாவிட்டால்?" என்று கேட்டார்கள். நடுவர் என்றேன். எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தீர்ப்புச் சொன்ன அடுத்த நிமிடமே அது பிழை என்று உங்களுக்குத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பந்து பட்டதா இல்லையா என்று முழுதாகத் தெரியாமலே விரலைத் தூக்க வேண்டிய நிலையைப் பற்றிக் கதைத்தோம். தீர்ப்பை மீளாய்வு செய்யும் முறையை டெஸ்ட் போட்டிகளில் முதன்முதலாகப் பரீட்சித்தது 2008இல் இங்கே நடந்த இலங்கை–இந்தியா தொடரில்தான் என்று சொன்னேன். அந்த முறை வந்த பிறகு நடுவரின் மனநிலை எப்படி மாறியது என்று கேட்டார். மணி அடிக்கும் வரைக்கும் அதே பேச்சுத்தான். மருத்துவம் என்ற சொல்லே அதில் வரவில்லை. இடம் கிடைத்தது.

தெமட்டகொட_வாப்பா

தம்பி, நடுவர் வேலை பொழுதுபோக்கு. கட்டடக்கலை முழுநேரத் தொழில். இரண்டும் ஒன்றில்லை.

கிழக்குக்காற்று

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நான் மட்டக்களப்பு, வேலை இங்கிலாந்தில். மருத்துவ மாணவர் தெரிவில் புள்ளி போடுகிற பக்கத்தில் இருந்திருக்கிறேன். எந்தக் கேள்வி கேட்டோம் என்று வெளியில் சொல்ல முடியாது, அதனால் பொதுவாக எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு கேள்வி என்று நினைப்பது உண்மையில் மூன்று நான்கு கேள்விகள். வெளியே ஒன்றுபோலத் தெரியும்.

"இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பது உங்கள் மனத்திடத்தைப் பார்க்கிற கேள்வி. இங்கே கட்டடக்கலை பற்றிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எங்கே குறை இருந்தது என்று கேட்டறிவேன், திருத்திக்கொண்டு திரும்ப விண்ணப்பிப்பேன், இடையில் இன்ன வேலை செய்வேன் என்று சொன்னால் போதும். இந்த இடத்தில் "கட்டடக்கலைக்குப் போய்விடுவேன்" என்றால் வாப்பா பயப்படுவதுபோலத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த அளவில் அவர் சொல்வது சரி.

"மருத்துவம் என்ற துறையே இல்லாத உலகத்தில் என்ன செய்வீர்கள்?" என்பது வேறு. நீங்கள் யார், எதைப் பார்த்தால் உங்கள் மூளை விழிக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்பது. இங்கே "வேறு எதையும் நினைத்ததில்லை" என்றால் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. எட்டு நிமிடத்தில் ஏழு நிமிடம் வெறுமையாகக் கிடக்கும்.

"ஏன் தாதியாகவோ இயன் மருத்துவராகவோ (பிசியோதெரபிஸ்ட்) வரக்கூடாது?" என்பது டொக்டரின் வேலை எது என்று உங்களுக்குத் தெரியுமா என்று பார்ப்பது. மற்றவர்களைக் குறைத்துப் பேசினால் அந்த இடத்திலேயே புள்ளி போய்விடும். கடைசியாக, "மருத்துவத்துக்குள் எந்தப் பிரிவு?" என்பது. அதற்கு இப்போதே உறுதியான பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆகவே கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். மனப்பாடம் செய்தவர்கள் "வேறு" என்ற சொல் காதில் விழுந்தவுடனே ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்புறம் புள்ளி போடுகிற விதம். எம்.எம்.ஐ. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. 2004இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வந்தது. ஒரே குழு அரைமணி நேரம் கேள்வி கேட்டு, முதல் இரண்டு நிமிட அபிப்பிராயத்தை வைத்து முடிவெடுப்பதைத் தவிர்க்கத்தான் அதைப் பல சிறு நிலையங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் வேறு ஆள். பக்கத்து நிலையத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் கையில் ஒரு தாள் இருக்கும். நேர்மை, தன்னைத்தானே சீர்தூக்கிப் பார்க்கும் திறன், மற்றவரின் நிலையை உணர்தல், மருத்துவத்தில் உண்மையான ஈடுபாடு என்று அதில் இருக்கும். "வேறு ஆர்வமே இல்லாதவர்" என்று ஒரு கட்டம் எந்தத் தாளிலும் இல்லை.

எங்கள் ஊரில் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இலங்கையில் அரச மருத்துவ பீடங்களுக்கு நேர்முகமே கிடையாது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இசட் புள்ளி (பரீட்சைப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணக்கிடுவது), மாவட்ட வெட்டுப்புள்ளி, அவ்வளவுதான். 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவ பீடத்துக்குள் போகிற பிள்ளையிடமும் "ஏன் வந்தாய்?" என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. நானும் அப்படி வந்தவள்தான். எங்கள் ஆசிரியர்களும் அப்படி வந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது மாதிரி விடை. கேள்விக்கு ஒரு சரியான விடை இருக்கும், அதை எழுதினால் முழுப் புள்ளி. நேர்முகத்தில் அப்படியொரு விடை இல்லை. நூறு பேர் ஒரே விடையைச் சொன்னால் நூறு பேருக்கும் நடுத்தரப் புள்ளிதான்.

உங்கள் பதிலை ஒருமுறை இங்கே எழுதிப் பாருங்கள், தங்கச்சி.

மழைக்குருவி

மிக்க நன்றி டொக்டர் அக்கா. இப்படி எழுதியிருக்கிறேன்:

"மருத்துவம் இல்லாவிட்டால் கட்டடக்கலை படிப்பேன். ஏனென்றால் கட்டடக்கலையும் மருத்துவத்தைப் போல மனிதர்களுக்குச் சேவை செய்வது. ஒரு கட்டடக் கலைஞர் மக்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், டொக்டரும் அப்படித்தான். கட்டடக்கலையில் குழுவாக வேலை செய்ய வேண்டும், மருத்துவத்திலும் அப்படித்தான். கட்டடக்கலை எனக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது. அது நல்ல டொக்டராக வர உதவும்."

கிழக்குக்காற்று

இதில் நீங்கள் இல்லை. "கட்டடக்கலை" என்ற இடத்தில் "சமையல்" என்று போட்டாலும் பந்தி அப்படியே நிற்கும். ஒவ்வொரு வசனத்தையும் மருத்துவத்தில் கொண்டுபோய் முட்ட வைக்கிறீர்கள். கேட்டது கட்டடக்கலையைப் பற்றி. அதைப் பற்றியே சொல்லுங்கள்.

கடைசியாக எந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கோபப்பட்டீர்கள்? எதை அளந்து பார்த்தீர்கள்? எதைக் கீறினீர்கள்?

மழைக்குருவி

அக்கா, கோபம் என்றால் ஒன்று இருக்கிறது.

அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை பலமில்லாமல் போய்விட்டது. கொழும்பில் ஒரு வைத்தியசாலைக்கு இயன் மருத்துவத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம். வாசலில் ஒரு சாய்தளம். அதில் ஒரு பக்கம் மட்டும்தான் கைபிடி, ஏறும்போது வலது பக்கம். அம்மம்மாவால் அதைப் பிடிக்க முடியாது. இறங்கும்போது அதே கைபிடி இடது பக்கம் வரும், நன்றாகப் பிடித்துக்கொண்டு தனியாகவே இறங்குவார். ஏறுவதற்கு மட்டும் யாராவது வேண்டும். தையல் நாடா கொண்டுபோய் அளந்தேன். உயரம் 60 சென்ரிமீற்றர், சாய்வின் நீளம் 4 மீற்றர். பொதுவாகச் சொல்கிற 1:12 சாய்வு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) வேண்டுமென்றால் 7 மீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். முன்னால் அவ்வளவு இடமில்லை. அதனால் நடுவில் திரும்புகிற மாதிரி, இரண்டு பக்கமும் கைபிடி வைத்து, திரும்புகிற இடத்தில் ஒரு தட்டையான தளம் விட்டுக் கீறினேன். அந்தத் தளத்தில் வீல்செயார் திரும்ப முடியுமா என்று பார்க்கத் திரும்பவும் அளக்க வேண்டியிருந்தது. அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

இதைச் சொல்லலாமா? சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது.

கட்டடம்_கொட்டாஞ்சேனை

தங்கச்சி, நான் கட்டடக் கலைஞன். இது சின்ன விஷயமே இல்லை. எங்கள் துறையில் முதலாம் வருடப் பிள்ளைகள் பலர் முகப்பைத்தான் கீறுவார்கள். நீங்கள் கைபிடியைக் கீறியிருக்கிறீர்கள்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய சில விஷயங்கள் சொல்கிறேன். ரொஜர் உல்ரிச் என்பவர் 1984இல் "சயன்ஸ்" சஞ்சிகையில் ஒரு ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு வைத்தியசாலையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை 23 சோடிகளாக ஒப்பிட்டார். யன்னலால் மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், கடுமையான வலிமாத்திரையும் குறைவாக எடுத்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் வைத்தியசாலை வடிவமைப்பு பற்றிய பேச்சையே அது மாற்றியது.

இன்னொன்று பெருவின் லீமா நகரத்தில் செய்தது, 2007இல் வந்தது. உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட பழைய வார்ட்டுகளில், யன்னல்களைத் திறந்துவிட்டால், புதிய கட்டடங்களைவிடக் காற்றோட்டம் அதிகம், காசநோய் தொற்றுகிற அபாயமும் குறைவு என்று கண்டார்கள். இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளைவிடவும் அவை மேலாக இருந்தன. கொழும்பில் பழைய வார்ட்டுகளின் உயரமான கூரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு ஞாபகம் வரும். எல்லாவற்றையும் மூடி ஏ.சி. போடுவதைத்தான் முன்னேற்றம் என்று நினைக்கிறோம். இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. சரி, அது வேறு இழை.

கட்டடக்கலை பிடிக்கும் என்று சொல்வதானால் அந்தப் படிப்பையும் கொஞ்சம் தெரிந்துவைத்திருங்கள். இங்கே மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. இங்கிலாந்தில் மூன்று கட்டங்கள் தாண்டிப் பதிவு செய்ய ஏறக்குறைய ஏழு வருடம். மருத்துவத்தைவிட லேசான பாதை என்று தவறிக்கூடச் சொல்லிவிட வேண்டாம்.

ஜெப்ரி பாவாவைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்கட்டும். சட்டம் படித்து வழக்கறிஞரானவர், பிறகு அதை விட்டு, 1957இல் 38 வயதில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். கோட்டே பாராளுமன்றம் அவருடையது. கொள்ளுப்பிட்டியில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க அனுமதிக்கிறார்கள், ஒருமுறை போய்வாருங்கள்.

கிழக்குக்காற்று

பாவாவைத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அவருடைய வாழ்க்கையை உதாரணமாக நீங்களாக இழுக்காதீர்கள். "அவர் துறை மாறினார், நீங்களும் மாறுவீர்களா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஆய்வுகளையும் அப்படித்தான். கேட்டால் ஒன்றைச் சொல்லலாம். நீங்களே அளந்த சாய்தளம் இருக்கும்போது பென்சில்வேனியாவுக்குப் போகத் தேவையில்லை.

இப்போது கடினமான பக்கத்தைச் சொல்கிறேன், மழைக்குருவி. இந்தக் கதை உங்களைக் கட்டடக்கலைக்குக் கொண்டுபோகிறது. அதைவிட இயல்பாக இயன் மருத்துவத்துக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் கொண்டுபோகிறது. பலம் குறைந்த கையோடு ஒருவர் எப்படி வாழ்வது, வீட்டில் எங்கே கைபிடி வைப்பது என்பது தொழில்வழிச் சிகிச்சையாளரின் அன்றாட வேலை. கவனமாகக் கேட்கிற எந்தப் பரீட்சகரும் "அப்படியானால் ஏன் மருத்துவம்?" என்று கேட்பார். அதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? உடனே எழுத வேண்டாம், ஆறுதலாக யோசித்து எழுதுங்கள்.

தெமட்டகொட_வாப்பா

பாருங்கள் டொக்டர், இதைத்தான் நான் சொன்னேன். வாயைத் திறந்தால் இன்னொரு கேள்வி, அதற்குப் பதில் சொன்னால் இன்னொன்று. பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

ஐந்தாம்_வருடம்

அங்கிள், இன்னொரு கேள்வி வருவது நல்லது. கேட்பவருக்கு ஆர்வம் விட்டுப்போனால்தான் அடுத்த கேள்வி தாளில் அச்சடித்ததாக இருக்கும். என்னோடு படிக்கிற ஒருத்திக்குக் கர்நாடக சங்கீதம். வீணையைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் விரல் நரம்பு வரைக்கும் போய்விட்டார்களாம். அவள் கொண்டுபோகவில்லை, அவர்களாகவே போனார்கள்.

மழைக்குருவி

இரண்டு நாளாக யோசித்தேன். அம்மாவிடமும் கேட்டேன், சிலது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது.

அம்மம்மா காலையில் எழும்பும்போதே கை இயங்கவில்லை. இரவு பத்து மணிக்குப் படுத்தவர். வைத்தியசாலையில் ஸ்கான் எடுத்தார்கள், மூளைக்குப் போகிற குழாயில் அடைப்பு. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கிறதாமே, போடுங்கள் என்று மாமா டொக்டரிடம் கெஞ்சினார். அந்த டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு எங்களோடு இருந்தார். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், இவருக்கு எப்போது தொடங்கியது என்று நமக்குத் தெரியாது, பத்து மணிக்கே தொடங்கியிருந்தால் இப்போது போடுவது மூளைக்குள் இரத்தம் கசியச் செய்யலாம், அதனால் நான் போடப் போவதில்லை என்று சொன்னார். மாமா கோபப்பட்டார். டொக்டர் எழுந்து போகவில்லை, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்த முடிவைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேறு வழியே இல்லையா? பிறகு வாசித்தபோது, எம்.ஆர்.ஐ. ஸ்கானில் அடைப்பு எவ்வளவு புதியது என்று மதிப்பிட்டு, தூக்கத்தில் பாரிசவாதம் வந்தவர்களிலும் சிலருக்கு அந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று ஆய்வுகள் வந்திருப்பது தெரிந்தது.

கைபிடி எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல முடியும். ஆனால் மருந்து கொடுப்பதா விடுவதா என்று தீர்மானித்து, அதைக் குடும்பத்துக்கு முன்னால் வைத்து, அதற்குப் பொறுப்பேற்கிற இடத்தில்தான் நான் இருக்க விரும்புகிறேன். கட்டடக்கலையை விரும்புகிறேன். மருத்துவத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

இப்படிச் சொல்லலாமா அக்கா?

கிழக்குக்காற்று

சொல்லலாம். கடைசி இரண்டு வசனத்தையும் எடுத்துவிடுங்கள், அவை மேடைப் பேச்சு. "பொறுப்பேற்கிற இடத்தில் இருக்க விரும்புகிறேன்" என்றதோடு நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

தயவுசெய்து இதை மனப்பாடம் செய்யாதீர்கள். முழுக்கதையையும் எல்லாக் கேள்விக்கும் சொல்லவும் வேண்டாம். வேறு துறை என்றால் சாய்தளம். ஏன் மருத்துவம் என்றால் ஸ்கான் அறை. ஏன் தொழில்வழிச் சிகிச்சை இல்லை என்றால், "அவர்கள் செய்ததால்தான் அம்மம்மா இன்று தனியாக இறங்குகிறார், ஆனால் என்னை இழுத்தது முதல்நாள் எடுத்த அந்த முடிவு" என்று இரண்டு வசனம். அம்மம்மாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தால் பரவாயில்லை, ஒரு கணம் நின்று தொடருங்கள்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தை இன்னொரு தடவை நன்றாக வாசித்துவிட்டுப் போங்கள். வாயால் சொன்ன எதையும் தோண்டிக் கேட்பார்கள்.

வாப்பா, உங்கள் மகனுக்கு மருத்துவம் தவிர எதில் விருப்பம்?

தெமட்டகொட_வாப்பா

அவனுக்குக் கணினி. இரவிரவாக இருந்து ஏதோ செயலி செய்கிறான். அவன் மாமாவின் மருந்துக்கடையில் எந்த மருந்து எப்போது காலாவதியாகும் என்று முன்கூட்டியே காட்டுகிற ஒன்று. மாமா இப்போது அதைத்தான் பாவிக்கிறார்.

டொக்டர், பிள்ளைகள் உண்மை சொல்லக்கூடாது என்பது என் கருத்தில்லை. காசு கட்டுகிறவனுக்குப் பயம் வரத்தான் செய்யும். இந்த மகள் எழுதியதை மகனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். அவனுடைய செயலியைப் பற்றியும் சொல்லலாமா?

கிழக்குக்காற்று

கட்டாயம் சொல்லட்டும். ஆனால் "செயலி செய்வேன்" என்று மட்டும் சொன்னால் நூறு பேரோடு நூற்றியோராவது ஆள். மாமா முதலில் என்ன குறை சொன்னார், எதைத் திரும்ப மாற்ற வேண்டி வந்தது என்று சொல்லட்டும். விண்ணப்பத்திலும் அதற்கு இடம் உண்டு, யூகாஸில் தன்னைப் பற்றி எழுதுகிற கட்டுரையை இப்போது மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள், அதில் ஒன்று பாடத்துக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பதுதான். விண்ணப்ப முடிவு ஒக்டோபர் நடுப்பகுதி, மற்றப் பாடங்களைவிட முந்தியது. அதை மட்டும் தவறவிட வேண்டாம்.

மழைக்குருவி

அக்கா, அண்ணாமார், அங்கிள் எல்லோருக்கும் நன்றி. ஆசிரியரிடமும் இதைக் காட்டினேன். "உன் விருப்பம்" என்றார், ஆனால் சனிக்கிழமை ஒத்திகையில் அவரே கட்டடக்கலையைப் பற்றிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நேர்முகம் செவ்வாய்க்கிழமை. அங்கே காலை 9.30, நமக்குப் பின்னேரம் 3 மணி. எங்கள் வீடு கரையோரப் பக்கம், ரயில் போனால் பேச்சே கேட்காது. அதற்கு என்ன செய்வது?

ஐந்தாம்_வருடம்

வீட்டின் உட்பக்கம் யன்னல் இல்லாத அறை இருந்தால் அங்கே இருங்கள். வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வர வேண்டும். மின்சாரம் போனால் கைகொடுக்கக் கைத்தொலைபேசியில் டேட்டா போட்டு, முதல்நாள் அதே நேரத்தில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அப்படியும் ரயில் சத்தம் வந்தால், "பக்கத்தில் ரயில் பாதை, ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் ஒரு கோயில் மணிக்குச் சொன்னேன்.

கட்டடம்_கொட்டாஞ்சேனை

யன்னல் இல்லாத அறை கிடைக்காவிட்டால் புத்தக அலுமாரியோ உடுப்பு அலுமாரியோ இருக்கிற அறையாகப் பாருங்கள். தடித்த திரைச்சீலையும் தரையில் ஒரு பாயும் போட்டால் எதிரொலி குறையும். அந்தக் கொப்பியையும் மேசையில் பக்கத்தில் வைத்திருங்கள், காட்டுங்கள் என்று கேட்டாலும் கேட்பார்கள்.

கிழக்குக்காற்று

கொப்பியை வைப்பதற்கு முன் பல்கலைக்கழகம் அனுப்பிய விதிகளைப் பாருங்கள். சில இடங்களில் மேசையில் எந்தத் தாளும் இருக்கக்கூடாது. அப்படியென்றால் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.